வால் தொங்கும் வண்டி

செவ்வாய், இரவு

தூக்கம் வரவில்லை. மொஹிங்கா என்கிற மீன் நூடுல்ஸ் விற்கிற டோ மியாவுக்காக அப்பா செய்த கடை டிரெய்லர் நாளைக் காலை தன்லியின் பாலம் தாண்டிப் போகிறது.

தாய்லாந்து வீடியோ பார்த்துச் செய்ததில் விற்கிற ஜன்னல் இடப்பக்கம் வந்துவிட்டது. அங்கே வண்டிகள் ரோட்டின் இடப்பக்கம் ஓடும், இங்கே வலப்பக்கம்; அதனால் அது நடுரோட்டைப் பார்க்கும். அதை அடைத்துவிட்டு, பின்பக்கக் குறுக்குச் சட்டத்தை அறுத்து அங்கே ஜன்னல் வைத்தார்.

சாயங்காலம் உள்ளே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த அண்ணனைப் பயமுறுத்தப் பின்படியில் ஏறிக் குதித்தேன். வண்டி முனகியது. குனிந்து பார்த்தால் வெல்டிங்கில் விரிசல்.

"அப்பா, வண்டிக்கு வாலு தொங்குது!"

"இங்க இருக்கிற ஒரே வாலு நீதான்டா. இறங்கு!"

போன வாரம் பிரேக் பிடிக்கவில்லை என்று சும்மா கத்தி அவரை ஓடவிட்டவன் நான். எப்படி நம்புவார்? ஆனால் கொதிக்கிற பானையோடு டோ மியா நிற்கப்போவது அந்த விரிசலுக்கு மேலேதான்.

டிரெய்லரைக் காரில் மாட்டுகிற ஆணியைக் கழற்றி, விரிசலுக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிட்டேன். காலையில் அப்பா எங்கேடா என்று கேட்டால் இடத்தைச் சொல்வேன். குனிந்துதானே எடுக்கணும்? சிரிக்காமல் சொல்லணும்.

வேறு ஆணி மாட்டிவிட்டால்?

பின்படியில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். இறங்கவே மாட்டேன்.