முத்துநகர் முனையின் அணையா விளக்கு

அனுப்புநர்:
வே. குணசேகரன்,
மூன்றாம் தெரு, முத்துநகர்,
பூந்தமல்லி–ஆவடி சாலை.

பெறுநர்:
உயர்திரு செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்.

பொருள்: தெருமுனை விளக்கு மேடையை இடிக்காதிருக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முத்துநகர் முனைச் சாக்கடையில் இருட்டில் விழாதவர் குறைவு. ஆனால் விழுந்தபோது தொலைத்த செருப்பைத் தேடப் போய் மறுபடியும் விழுந்தவன் அடியேன் ஒருவனே. என் மனைவி பார்வதம் இதைக் கீரைக்காரி வரை சொல்லி முடித்துவிட்டார்.

1. அம்முனையில் தெருவிளக்கு கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டாம் ஷிப்ட் முடித்து வரும் சுசீலா முதலிய பெண்கள் அங்கே பஸ்ஸைவிட்டு இறங்கினால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடித்தான் வீடு சேர்வார்கள்.

2. எங்கள் பகுதி உதயம் இளைஞர் இயக்கத்தாரைப் பற்றி நான் நல்லதாகப் பேசியதில்லை. இயக்கத்தின் வெள்ளி விழாவுக்கு, அது தொடங்கிய பூந்தமல்லியிலிருந்து ஜோதியை அணையாமல் ஓடியே கொண்டுவருவோம் என்று செயலாளர் கிறிஸ்துதாஸ் சொன்னபோது, "பஸ்ஸு கீதே நைனா, இன்னாத்துக்கு ஓட்டம்?" என்று கேட்டவனும் நானே. "ஓடினாத்தான் அண்ணாத்தே விழா. பஸ்ல வந்தா டிக்கெட்டு" என்றார் அவர்.

3. விழாவன்று மாலை நான் பருத்திப்பட்டு வளைவு வரை சைக்கிளில் போய்க் காற்று வாங்கிவிட்டு, ஜோதிக்கு முன்னால் திரும்பிவிட்டேன். தெருவார் எல்லோரும் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு வாசலில் நின்றோம். முதலில் காலடிச் சத்தம்தான் கேட்டது. பிறகு இருட்டுக்குள்ளிருந்து நெருப்பும், அதன் கீழே வியர்வை வழியும் கிறிஸ்துதாஸின் முகமும் வந்தன. ஐயா, தினம் எங்கள் வீட்டில் ஓசிப் பேப்பர் படிக்கும் பையன்தான் அது என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்தப் பையன்களை ஓயாமல் திட்டும் ஞானம்மாள்கூட, "பூந்தமல்லிலேந்து அணையாம எத்துகினு வந்துகீதுங்களே" என்று சிலுவை போட்டுக்கொண்டார். யாரும் கைதட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை.

4. அந்த நெருப்பை முனையில் செங்கல் மேடை கட்டிக் கண்ணாடிக் கூண்டில் வைத்தார்கள். முறைவைத்து வீட்டுக்கு ஒரு நாள் எண்ணெய் ஊற்றுகிறோம், இன்றுவரை அணையவில்லை. சாக்கடை எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. சுசீலா இப்போது நடந்து வருகிறார்.

5. அம்மேடை ஆக்கிரமிப்பு என்றும், திங்களன்று இடிக்கப்படும் என்றும் தங்கள் ஊழியர்கள் சொல்லிப் போயிருக்கிறார்கள். ஆக்கிரமிப்புதான்; மறுக்கவில்லை. அங்கே ஒரு கம்பமும் டியூப்லைட்டும் வரும் நாளில் நாங்களே செங்கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொள்கிறோம். அதுவரை அந்த ஜோதியின் மேல் கைவைக்க வேண்டாமென்று, அச்சாக்கடையை இருமுறை நேரில் ஆய்வு செய்தவன் என்ற தகுதியில் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: முத்துநகர்
நாள்: 9-11-1988

தங்கள் நல்ல உத்தரவை எதிர்நோக்கும்,
வே. குணசேகரன்

பின்குறிப்பு: அதிகாரியிடம் மறைப்பது முறையல்ல. பருத்திப்பட்டு வளைவில் ஜோதி காற்றில் அணைந்துவிட்டது. கிறிஸ்துதாஸ் அதை மறுபடி ஏற்றியது என் தீப்பெட்டியில்தான். பதில் கடிதத்தில் இதைக் குறிப்பிட வேண்டாம். நான் பீடியை விட்டுவிட்டதாகப் பார்வதம் நம்பிக்கொண்டிருக்கிறார்.