வடைப் பையில் ஒரு தாள்

அக்கா,

உங்கள் கல்வெட்டு என் மேசையில் கிடக்கிறது. அச்சு மையின் மணம் இன்னும் போகவில்லை. நீங்கள் செத்த முப்பத்தோராம் நாள் வந்த சனத்துக்குக் கொடுத்த நினைவுப் புத்தகம், கையில் எடுத்தால் கண்ணீர் வரவேண்டும். எனக்குக் குமட்டல்தான் வருகிறது.

‘அன்பு மனைவி, பண்பான தாய், விருந்தோம்பலில் சிறந்தவர்.’ விருந்தோம்பலா? உங்கள் சொதியை நான் குடித்திருக்கிறேன், தெய்வமே! யாழ்ப்பாணத்தில் கணிதப் பட்டம் எடுத்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒஸ்லோவில் இத்தனை வருடம் என்னோடு பள்ளிக்கூடம் துடைத்ததற்கு அரை வரியும் இல்லை. அந்த இடத்தில் ஏதோ ஒரு சங்கத் தலைவரின் இரங்கல். உங்களை அவர் கண்டதே இல்லை. அவர் படம் உங்கள் படத்தைவிடப் பெரிது. டை மட்டும் நல்ல டை.

ஸ்டோவ்னர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரமுதல் நாங்கள் துடைத்த அந்த நீள நடைபாதை நினைவிருக்கிறதா? “படிச்ச பட்டத்தை வாளிக்கை கரைச்சுப்போட்டியளோ, அக்கா?” என்று ஒருநாள் சீண்டினேன். நீங்கள் கோபிக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னைப் பிடித்து ஈரத் தரையின் நடுவில் நிறுத்தினீர்கள்.

“நேரை பார். இது ஒண்டு. இப்ப இடப்பக்கம் திரும்பு. இன்னொருக்கால் திரும்பு. எங்கை பாக்கிறாய்?”

“பின்னாலை.”

“அதுதான் கழித்தல் ஒண்டு. நடுவிலை ஒருக்கால் நிண்டியெல்லோ, அதுதான் கழித்தல் ஒண்டின்ரை வர்க்கமூலம். அதை இல்லாத எண் எண்டு நக்கலடிச்சவை. ஒருத்தர்தான் அதுக்கு நிக்க இடம் குடுத்தவர்.”

“ஆர், உங்கட மனுசனோ?”

“போடி விசரி!”

இருநூறு வருடத்துக்கு முந்திய ஆள் அவர். ஒஸ்லோவுக்குத் தெற்கே ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்து, டென்மார்க்கில் நிலம் அளந்து வரைபடம் கீறியவர். பேராசிரியர் இல்லை. கணக்கில் ஒரே ஒரு கட்டுரை, அதுவும் டேனிஷில். அறிஞர்களின் சபை அச்சிட்டது, அப்படியே மறந்தது. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து யாரோ தூசி தட்டியபோது, அதையே பின்னால் தனியாகக் கண்ட பாரிஸ்காரர் ஒருவரின் பெயர் அதில் ஒட்டியாகிவிட்டது. வரைபடத்துக்கு உயிரோடு இருக்கும்போதே மதிப்பு. கணக்குக்குச் செத்தபிறகு மாலை. “சீ!” என்பீர்கள், துணியைப் பிழிந்துகொண்டே. “பாராட்டுவினம், பிழையான விசயத்துக்கு.”

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தீர்கள். “என்ரை கல்வெட்டிலை அந்த நிலம் அளந்தவருக்கு ஒரு பக்கம். நீதான் எழுதவேணும்.”

“நானோ? எனக்குக் கடைச் சாமான் எழுதவே வராது.”

“உனக்கு விளங்கினது எல்லாருக்கும் விளங்கும்.”

நாலு நாள் இருந்து எழுதினேன். துடைக்கிற இடத்தில் படித்தேன் என்பதையும் எழுதினேன். உங்கள் கணவர் வாசித்துவிட்டு மடித்துத் தந்தார். “செத்தவீட்டுப் புத்தகத்திலை கணக்கோ, தங்கச்சி? சனம் சிரிக்கும். துடைச்ச கதையும் வேண்டாம்.” ஊரையே கிண்டலடிக்கும் நான், அன்று தலையாட்டிவிட்டு வந்தேன். அதை நினைக்கத்தான் இன்னும் அருவருப்பு.

அதனால் முப்பத்தோராம் நாள் மண்டபத்தில், வருகிற சனத்துக்குக் கொடுக்கும் பலகாரப் பை கட்டுகிற வேலையைக் கேட்டு வாங்கினேன். அவர் திருப்பித் தந்ததை நூலகத்தில் படியெடுத்து, பைக்கு ஒரு தாளாக, கல்வெட்டுக்கும் வடைக்கும் நடுவில் செருகினேன். எண்ணெய் ஊறினாலும் எழுத்துத் தெரிந்தது.

முதலில் ஹொல்ம்லியாவிலிருந்து வந்த மாமி ஒருவர், தாளை வாசித்துவிட்டு, கையில் மோதகத்தோடு எழும்பி இடப்பக்கம் திரும்பினார். பக்கத்து மேசையும் திரும்பியது. சங்கத் தலைவர் மட்டும் வலப்பக்கம்.

உங்கள் கணவர் தாளோடு வந்தார். “இது ஆரின்ரை வேலை?”

“என்ரை, அண்ணை. எழுதச் சொன்னது உங்கட மனுசி.”

திரும்ப வாசித்தார். பிறகு மெல்ல இடப்பக்கம் திரும்பினார்.

“பிறகு?”

“இன்னொருக்கால்.”

திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றார். “இதை எனக்கு ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?”

“நீங்கள் கேட்டனீங்களோ?” பகிடியாகத்தான் சொல்ல நினைத்தேன். அப்படி வரவில்லை.

மிஞ்சிய ஒரு தாள் என் தள்ளுவண்டியில், துணிகளுக்கு மேலே இருக்கிறது. இன்று காலை நடைபாதையில் இடப்பக்கம் ஒருக்கால் திரும்பி, கொஞ்சம் நின்றேன். பிறகு வாளியை உருட்டிக்கொண்டு போனேன்.