பச்சைக் கட்சிக்காரரின் சிவப்பு விரல்

14 அக்டோபர் 1928, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து, சோளமாவைப் பொதிந்து வேகவைத்த நாகத்தமாலின் வாழையிலையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தபால் நிலையக் காவலாள் வந்து செய்தி சொன்னான். தேர்தலில் வோட்டுப் போடுகிற ஒவ்வொருவரும் புண்ணுக்குப் போடும் சிவப்பு மருந்தில் விரலை முக்க வேண்டுமாம். ஒருவனே இரண்டு முறை போடாமலிருக்க, தேர்தலை நடத்த வந்திருக்கும் அமெரிக்கச் சிப்பாய்களின் ஏற்பாடு.

என் வீட்டுக்காரர் கை பாதியில் நின்றது. "சிவப்பா? லிபரல்காரன் நிறத்தையா?"

எங்கள் வாசற்கதவு பச்சை. இவர் கழுத்துப்பட்டை பச்சை. கிளியைக்கூடப் பச்சை என்பதற்காகத்தான் வாங்கினார். கன்சர்வேடிவ் கட்சி இவருக்கு ஞானஸ்நானத்தோடு வந்தது. நாகத்தமாலின் மாவு மட்டும் சிவப்பாக இருக்கலாம், அதற்குக் கட்சி கிடையாது. எனக்கும் கிடையாது. நான் பெண், வோட்டில்லை.

ஆனால் பயம் நிஜம். ஜெயிக்கிற கட்சியின் ஆள்தான் இங்கே போஸ்ட்மாஸ்டர். லிபரல்கள் வந்தால் இவர் நாற்காலியில் உட்காரப்போவது என் தம்பி காசிமிரோ. இரு கட்சிக்கும் நடந்த உள்நாட்டுச் சண்டை போன வருஷம் ஓய்ந்த பிறகும் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிடுவதில்லை.

19 அக்டோபர்

இவர் போய்ப் பச்சை மை கேட்டிருக்கிறார்! கேட்டது அமெரிக்கச் சார்ஜென்ட் ஹாலக்கிடம். எங்கள் வாக்குச்சாவடிக்கு அவர்தான் தலைவர். ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மொழிபெயர்ப்பாளன் சொல்லி முடித்ததும் ரொம்ப நேரம் சிரித்தாராம்.

"1912-ல லிபரல்காரன் முற்றுகை போட்டு நம்ம கட்சி ஊரு கிரனாடா பட்டினி கிடந்தப்போ இந்த அமெரிக்கக்காரனுங்க ரயில்ல வந்து இறங்கினானுங்க. நான் பூங்கொத்து கொடுத்தேன் ஹெர்சீலியா, பூங்கொத்து!" என்று வீட்டுக்கு வந்து பொருமினார்.

"அப்போ நம்மள மட்டும் காப்பாத்த வந்தாங்க. இப்போ எல்லாரையும் காப்பாத்த வந்திருக்காங்க" என்றேன்.

காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

27 அக்டோபர்

கிளி "லிபரல் ஒழிக" என்று கத்துகிறது. என் மருந்துக்கடையில் வியாபாரம் பாதி.

3 நவம்பர்

சாவடிக்கு மருந்து போதவில்லையென்று சிப்பாய்கள் என்னிடமிருந்த சிவப்பு மருந்தையெல்லாம் வாங்கிப் போனார்கள். ஒரே ஒரு குப்பியை ஒளித்துவிட்டேன். பிள்ளைகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வருமே. ஊற்றிக் கொடுத்ததில் என் விரல்களெல்லாம் சிவப்பு.

"வீட்டுக்குள்ளயே ஆரம்பிச்சாச்சா?" என்றார் இவர்.

4 நவம்பர், ஞாயிறு

இவர் வெயிலில் வரிசையில் நிற்கிறாரே என்று, சோளமும் கொக்கோவும் கரைத்த தீஸ்தே குடிக்க எடுத்துப் போனேன். மீசை முளைக்காத சிப்பாய் ஒருவன் என் கையைப் பிடித்துத் தூக்கி, விரலைக் காட்டி, அவன் மொழியில் கத்தினான். நான் கள்ள வோட்டுப் போட்டுவிட்டேனாம்.

வரிசையில் காசிமிரோவும் நின்றான். "எங்க அக்கா வோட்டுப் போட்டுட்டாங்கடா! இனி நாடு உருப்பட்டுரும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. என்ன தப்பு? போட்டால்தான் என்ன?

கொஞ்ச நேரத்தில் இவர் வந்தார். வலது கை சட்டைப்பையில். கதவைத் தாழிட்டார்.

"அந்த மருந்து... மிச்சம் இருக்கா?"

எனக்குப் புரிந்துவிட்டது. மருந்துக் கிண்ணம் வரை போயிருக்கிறார், விரல் இறங்க மறுத்திருக்கிறது. நாற்காலியைக் காப்பாற்ற இருந்த ஒரு வோட்டையும் போடாமல் திரும்பிவிட்டார். ஆனால் வெள்ளை விரலோடு தெருவில் போனால் கட்சிக்காரர்கள் துரோகி என்பார்களே.

பூசினேன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "இன்னும் நல்லாப் போடு" என்றார். பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது — எனக்குக் கொடுத்திருந்தால் தோள்வரை முக்கியிருப்பேன்.

6 நவம்பர்

லிபரல்கள் ஜெயித்துவிட்டார்கள். ஊர்க் கன்சர்வேடிவ் தலைவர் டான் ரொசெந்தோ எல்லாரையும் கூப்பிட்டு விரல் பார்த்தாராம். "மோசடி நடந்திருக்கு. விசாரிக்கக் கிரனாடாலேர்ந்து கட்சிக் குழு வருது. அதுவரைக்கும் ஒருத்தனும் விரலைக் கழுவக் கூடாது, சாட்சி அதுதான்." எல்லாவற்றிலும் நல்ல சிவப்பு இவருடையதுதான் என்று கட்டிப்பிடித்துக்கொண்டாராம்.

21 நவம்பர்

குழு வரவில்லை. ஊரில் எல்லோருடைய சிவப்பும் போய்விட்டது. இவர் தினமும் காலையில் எழுந்ததும் விரலை நீட்டுகிறார். நான் பூசுகிறேன்.

2 டிசம்பர்

கோயிலில் டான் ரொசெந்தோ இவரைக் கண்டும் காணாததுபோல் போனார். பின்வரிசையில் யாரோ சொன்னது என் காதிலேயே விழுந்தது. "வேலையக் காப்பாத்திக்க ஆளு கட்சி மாறிட்டாரு. ஜெயிச்சவன் நிறத்த இன்னும் காட்டிக்கிட்டுத் திரியுறாரு பாரு."

வீட்டுக்கு வந்து அழுதுவிட்டார். "நான் பச்சை, ஹெர்சீலியா. எங்கப்பா பச்சை."

"அப்போ கழுவிடுங்க."

"இப்போ கழுவினா ஏன் கழுவினேன்னு கேப்பானுங்களே?"

வோட்டே போடவில்லை என்று சொல்லிவிடலாம். அதைச் சொல்வதற்குப் பதில் இவர் செத்தே போவார்.

20 டிசம்பர்

சண்டைக்குப் பிறகு முதல்முறையாகக் காசிமிரோ என் சமையலறைக்கு வந்தான். கோபத்தில் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

போஸ்ட்மாஸ்டர் வேலையை யாருக்குக் கொடுப்பதென்று லிபரல் கமிட்டி கூடியிருக்கிறது. சார்ஜென்ட் நடுவில் நுழைந்து, வோட்டுப் போட்டதைப் பெருமையாக நினைக்கிற ஒரே மனிதர் இந்த ஊரில் இவர்தான், இவரைத் தொடாதீர்கள் என்றாராம். கமிட்டி தலையாட்டிவிட்டது.

"நாங்கதானேக்கா ஜெயிச்சோம்?"

"எனக்கு வோட்டில்லடா, என்னைக் கேக்காதே" என்று தட்டை வைத்தேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். இவர் வாசல்வரை வந்து, மச்சான் இருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டார்.

7 ஜனவரி 1929

புது ஜனாதிபதி பதவியேற்றாயிற்று. சிப்பாய்கள் போவதாகத் தெரியவில்லை. விசாரணைக் குழு வரப்போவதில்லை என்று போன வாரமே தெரிந்துவிட்டது.

இன்று காலையும் விரலை நீட்டினார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. குப்பியில் அடி தெரிந்தது.

"மனாகுவாலேர்ந்து பெரிய புட்டியா வரவழைச்சிடு" என்றார். பச்சைக் கழுத்துப்பட்டை கட்டாமல் தபால் நிலையத்துக்குக் கிளம்பினார். கிளி பழைய கோஷத்தை ஆரம்பித்ததும் கூண்டின் மேல் துணியைப் போட்டார்.

வோட்டே போடாத சிவப்பு விரல் இந்த வீட்டில் இருவருக்கு. இவருடையதற்குச் சம்பளம் வருகிறது.