பன்னிரண்டு பாகையில் ஆறு மீன்கள்

யூன் 1, செவ்வாய்

விடியவே வெக்கை. குசினி மூலையில் இரண்டு பானை, ஒவ்வொன்றிலும் ஆறு திலாப்பியா. ஒன்றில் சாதாரண தண்ணீர், வெப்பம் 30 பாகை. மற்றது இன்று 19. ஐஸ் அடுக்கி இரண்டு நாளைக்கு ஒரு பாகை வீதம் இறக்க மூன்று கிழமை எடுத்தது. அவசரப்பட்டால் சாகும். குளிரில் உடற்கலங்களைச் சுற்றிய மென்சவ்வின் கொழுப்பு இறுகிவிடும், நுவரெலியாவில் தேங்காயெண்ணெய் மாதிரி. மீன் மெல்ல மெல்ல இளகிய கொழுப்பாக மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த மாற்றத்தை ஈரலில் அளந்து காட்டினால்தான் எனக்குப் பட்டம். அளக்கும் கருவி கண்டியில். அங்கே போகப் பயண அனுமதிப் பாஸ் 9ஆம் திகதிக்கு மட்டும்.

யூன் 3

கடலுக்குப் போகத் தடை. ஐஸ் ஆலை பூட்டு. கிண்ணியா மீன் வியாபாரி சலீம் காக்காவிடம் கெஞ்சினேன். "மீனே இல்ல டீச்சர், ஐஸ் ஆருக்குப் போடுற?"

குளிர்ப்பானை 21க்கு ஏறிவிட்டது. எரிச்சல். விடைத்தாள் திருத்தவில்லை. சவர்க்காரம் முடிந்தது.

யூன் 4

சலீம் காக்கா எங்கிருந்தோ ஒரு கட்டி ஐஸ் அனுப்பியிருந்தார், மீன்காரர் வழக்கப்படி உப்பும் தூவி. நான் பள்ளிக்கூடத்தில். வாங்கிப் பானைகளைச் சுற்றி அடுக்கியது வீட்டுக்காரர்.

"சங்கக்கடைப் பங்கீட்டுச் சாமான் மாதிரி ரெண்டுக்கும் சரிபாதி வைச்சனான். ஒண்டுக்கு மட்டும் வைச்சால் மற்றதுகள் பாவமெல்லே?"

படுபாவி மனுசன்! இரண்டு பானையும் 12 பாகை. சாதாரணப் பானையில் ஆறும் வயிறு மேலே. குளிர்ப்பானையில் ஆறும் நிமிர்ந்தபடி, செவுள் அசைகிறது. கத்தித் தீர்த்தேன். பிறகு இரண்டு பேரும் குந்தியிருந்து பார்த்தோம்.

"அப்ப இதுகள் ஏன் சாகேல்லை?"

கலியாணம் கட்டிய பதினொரு வருடத்தில் என் வேலையைப் பற்றி இவர் கேட்ட முதல் கேள்வி. சோறு குழையும்வரை விளக்கினேன். சந்தோஷமாக இருந்தது.

சாதாரண மீன் எந்தக் குளத்திலும் பிடிக்கலாம். இந்த ஆறையும் காப்பாற்ற வேண்டும்.

யூன் 9

கண்டி பஸ்ஸில் புது மீன் ஒரு வாளி, காக்கா தேடித் தந்த கடைசி ஐஸோடு குளிர் மீன் ஒரு வாளி. காவலரணில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஐஸை உடைத்து உள்ளே பார்த்தார்கள். ஆமிக்காரன், "என்ன டீச்சர், கண்டியில மீன் இல்லையா?" சனம் சிரித்தது. நானும். மூன்று மணித்தியாலம் வெயில். பிறகு பாதை பூட்டு, திரும்பிப் போ.

வீடு வர இரண்டு வாளியும் 29. ஒன்றும் சாகவில்லை. ஐஸ் இனிக் கிடையாது. அழுதேன்.

"கொழுப்பு மாறியிருக்குமோ?" என்றார் இவர். ஒரே நாளில் மாறாது. இந்தச் சூட்டில் பழையபடி ஆக இரண்டு கிழமை எடுக்கும்.

யூன் 10

அரசாங்கக் கச்சேரியில் பாஸ் எடுக்க நீண்ட வரிசை. புது பாஸ் எப்போது என்று கிளாக்கரிடம் கேட்டேன்.

"ரெண்டு கிழமையாகும், மிஸ்."