நீ ஓடாத சனிக்கிழமைகள்

அன்பு மகள் எசெட்டாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் உன் அப்பாவும் கோழி பன்றிகள் உட்பட எல்லோரும் இங்கே சுகம். நீயும் ஆக்லாந்தில் சுகமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, சனிக்கிழமை காலையில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்குகிறவளுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது. ஆமாம், தெரிந்துவிட்டது. தன் அண்ணன் கல்யாணத்துக்கு வந்திருக்கிற உன் அத்தை மகள் ருட்டாதான் சொன்னாள். உன்னோடு ஒரே வீட்டில் இருக்கிறவளுக்குத் தெரியாமலா இருக்கும். "எசெட்டாவா? அவ எங்க அத்தை ஓடறா, குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து ஷூவையே வெளிய எடுக்கல" என்று சேப்பங்கிழங்கை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாள். குளிர் ஆரம்பித்து எத்தனை மாசம் ஆகிறது! ஒவ்வொரு சனிக்கிழமையும் போன் செய்து "ஓடிட்டேன்மா, இப்பத்தான் குளிச்சிட்டு வந்தேன்" என்றாயே, அந்தக் குளியலாவது நிஜமா? இதை போனிலேயே கேட்டிருப்பேன். கேட்டால் நீ சிரித்து மழுப்புவாய், உன் சிரிப்பைக் கேட்டால் நான் இளகிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். திங்கட்கிழமை விமானத்தில் ருட்டா இதைக் கொண்டுவருவாள். அவளைத் திட்டாதே, கேட்டதற்குத்தான் பதில் சொன்னாள்.

இது எப்படித் தொடங்கியது என்பதே உனக்கு மறந்திருக்கும். போன வருஷம் உன் மாமா பெனியாமினாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். தேங்காய் உரிக்கும்போது பட்ட ஒரு சின்னக் காயம், சுகர் அதை ஆறவிடவில்லை. தம்பியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் அங்கிருந்த டாக்டர் பெண் என் விரலிலும் குத்திப் பார்த்துவிட்டு, "இப்படியே விட்டீங்கன்னா பக்கத்துக் கட்டில் உங்களுக்குத்தாம்மா, நடங்க, முடிஞ்சா ஓடுங்க" என்றாள். அன்றைக்கு உன்னிடம் போனில் எப்படி அழுதேன்! கடைசிவரை என் காலிலேயே நடமாட வேண்டும், வேறெந்த ஆசையும் எனக்கு இல்லை என்றேன். அப்போது நீதானே சொன்னாய், "அம்மா, நீ அங்க ஓடு, நான் இங்க ஓடறேன், சனிக்கிழமை ரெண்டு பேரும் ஒரே நேரத்துல. நீ நின்னா நானும் நின்னுடுவேன், பாத்துக்கோ" என்று. இங்கே காலை ஆறு மணி, உனக்குக் குளிர்காலத்தில் ஐந்து. நானாகவா கேட்டேன்? நீயாகத்தான் சொன்னாய், ஷூவும் அனுப்பினாய், அதுவும் ஊரே திரும்பிப் பார்க்கிற ரோஸ் நிறத்தில்.

ஐம்பத்தாறு வயதில் நாய் துரத்தினால் தவிர ஓடியே அறியாதவள் நான். ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்வரை ஓடு, அதற்கடுத்த கம்பம்வரை நட என்று நீ சொன்னதைச் செய்யப் போனால் முதல் கம்பத்திலேயே நாக்குத் தள்ளிவிட்டது. விலாவில் குத்தல், கெண்டைக்காலில் பிடிப்பு, இடுப்பில் சுற்றிய லாவாலாவா வேறு அவிழ்ந்து அவிழ்ந்து விழுகிறது. முட்டி தெரியக் கால்சட்டை போட்டுக்கொண்டு நம் ஊருக்குள் ஓடினால் மகளிர் சங்கம் என்னைச் சும்மா விடுமா, அதனால் ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு மறு கையை மட்டும் வீசிக்கொண்டு ஓடினேன். உன் அப்பா வாசலில் உட்கார்ந்து, "மாலியா, கோழி பிடிக்கிறியா ஓடறியா?" என்று கேட்கிறார். வயிறு எரிகிறதா இல்லையா சொல்.

அதாவது போகட்டும், இந்த வண்டிக்காரர்களை என்ன செய்வது? நம் தீவில் நடந்து போகிறவளை ஏற்றிக்கொள்ளாமல் போனால் வண்டிக்காரனுக்குக் கேவலம், கூப்பிட்டும் ஏறாவிட்டால் கூப்பிட்டவனுக்குக் கேவலம். ரோட்டில் நான் மூச்சிரைக்க நின்றால் போகிற பிக்கப் எல்லாம் நிற்கிறது. "என்னக்கா, என்ன ஆச்சு, வீட்ல யாருக்காச்சும் முடியலையா? ஏறுங்க ஏறுங்க" என்கிறார்கள். ஓடுகிறேன் என்றால் "எங்க?" என்கிறார்கள். எங்கேயும் இல்லை, சும்மா ஓடுகிறேன் என்றால் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக் கட்டாயமாக ஏற்றுகிறார்கள். முதல் மாசம் முழுக்க நான் ஓடியதைவிடப் பிறத்தியார் வண்டியில் வீடு திரும்பியதுதான் அதிகம். பஸ்காரன்கூட நிறுத்தினான், உள்ளே இடமில்லை என்று நம் ஊர் பஸ் வழக்கப்படி ஒரு பெரிய பையன் மடியில் உட்கார வைத்துக் கொண்டுவந்து விட்டான். வீட்டில் இறங்கும்போது கையில் ஒரு வாழைத்தார் வேறு, யாரோ கொடுத்தது. இப்படியிருந்தால் சுகர் எப்படி இறங்கும்?

சரி, வண்டி குறைவாக வருகிற நேரமாகப் பார்ப்போம் என்று வாரநாளில் மாலைக்கு மாற்றினேன். அதில் பட்ட அவமானத்தை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. நம் ஊரில் மாலை ஜெப மணி எப்போதும் சீக்கிரம் அடித்துவிடும். மணியாகத் தொங்கவிட்ட காஸ் சிலிண்டரில் மூன்றாம் முறை அடித்து முடித்ததும், ஜெபம் முடிந்தது, இனி ரோட்டில் போகலாம் என்று அவசரமாகக் கிளம்பினேன். ஓடுகிற ஆசையில் ஒன்றை மறந்துவிட்டேன், பக்கத்து ஊர் மாட்டாநூவில் எல்லாமே கொஞ்சம் தாமதம். நான் அங்கே எல்லைக்குள் கால் வைக்கவும் ஜெபம் தொடங்குகிற அவர்களுடைய இரண்டாம் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. ரோட்டோரம் காவல் நின்ற இளவட்டங்கள் கையைக் காட்டி "உக்காருங்கம்மா" என்றார்கள். வீடு வீடாக ஊரே பாட்டுப் பாடி ஜெபம் பண்ணுகிறது, நான் அந்த ரோஸ் ஷூவோடு வேர்த்து விறுவிறுத்துப் புல்லில் உட்கார்ந்திருக்கிறேன், கொசு பிடுங்குகிறது, கையைத் தூக்கி அடிக்கவும் முடியாது. ஜெப நேரத்தில் ரோட்டில் ஓடியதற்கு அபராதம் என்று மறுநாள் அவர்கள் ஊர்ச்சபையிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். உன் அப்பா குடும்பத் தலைவராயிற்றே, நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெட்டி டின் மீனைத் தூக்கிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டு வந்தார். மானம் கப்பலேறியது. திரும்பி வந்து, "உனக்கு மகளோட சேந்து ஓடணும்னா ஒரு படகு ஏறி அங்கயே போயிடேன்" என்று கத்தினார். இரண்டு நாள் நானும் அவரும் பேசவில்லை.

இவ்வளவுக்கும் நான் விடவில்லை, அதுதான் உனக்குத் தெரிய வேண்டும். விடலாம் என்று எத்தனை முறை தோன்றியது. உன் மாமா சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "கஷ்டமா இருந்தா விட்டுடுக்கா, உனக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிடலாம், ரெண்டு பேரும் ரேஸ் விடலாம்" என்று சிரிக்கிறான். அவன் சிரிக்கும்போது எனக்கு அழுகை வருகிறது. ஆனால் நிஜத்தைச் சொன்னால் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது அந்தப் பயம்கூட இல்லை. பயம் இரண்டு வாரம்தான் தாங்கும், மூன்றாம் வாரம் பழகிவிடும். என்னை எழுப்பியது நீ. இந்நேரம் என் பெண் அந்தக் குளிரில், மழையில், இருட்டில் ஓடிக்கொண்டிருப்பாள், நான் நின்றால் அவளும் நின்றுவிடுவாள் என்று நினைத்து நினைத்தே அடுத்த கம்பம், அதற்கடுத்த கம்பம் என்று போனேன். இப்போது நம் வீட்டிலிருந்து மாமா வீடுவரை போய்த் திரும்பி வருகிறேன், தெரியுமா? நடுவில் நடப்பதே இல்லை. வண்டிகளும் மெல்ல மெல்ல ஒதுங்க ஆரம்பித்தன. கடைசியில் போதகர் வண்டிதான் பாக்கி. அவர் வண்டியை மறுக்க யாருக்குத் தைரியம் வரும்? ஒரு சனிக்கிழமை அவர் பக்கத்தில் வந்து நிறுத்தி "ஏறுங்கம்மா" என்றார். நான் முதல் முறையாக மாட்டேன் என்றேன். "மன்னிக்கணும் போதகரே, என் பொண்ணு எசெட்டாவும் இப்ப அங்க ஓடிக்கிட்டிருக்கா, நான் ஏறினா அவ நின்னுடுவா" என்றேன். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு ஆராதனையில் என்ன செய்தார் தெரியுமா? பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு தாய், அந்தப் பக்கம் ஒரு மகள், ஒருவர் முகம் ஒருவர் பார்க்காமல் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள், வாக்குத் தவறாமை என்றால் இதுதான் என்று சபை நடுவில் என்னைக் கைகாட்டினார். பெண்கள் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. உன் அப்பாகூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். ருட்டா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். அன்று மதியச் சாப்பாட்டில்தான், ஏண்டி அப்படி இருந்தாய் என்று நான் கேட்க, அவள் சொன்னாள். எப்படி இருந்திருக்கும் எனக்கு? அதற்குப் பிறகு மகளிர் சங்கத்தில் ஒருத்தி விடாமல் கேட்கிறார்கள், "எசெட்டா எப்படி ஓடறா, இப்ப எவ்ளோ தூரம் ஓடறா" என்று. நான் நல்லா ஓடறா, ரொம்ப தூரம் ஓடறா என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஜெபம் பண்ணுகிற வாயால் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டாயே பாவி.

அன்றோடு ஷூவைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். யாருக்காக ஓட வேண்டும்? அடுத்த சனிக்கிழமை நீ போன் செய்து ஓடிட்டேன்மா என்றாய், நீ ஓடினியாம்மா என்று வேறு கேட்டாய். நானும் ஓடினேன் என்றேன். படுக்கையில் சாய்ந்தபடிதான் சொன்னேன். இரண்டு பேரும் படுத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் ஓடினேன் ஓடினேன் என்று சொல்லிக்கொண்டோம், நல்ல குடும்பம் போ. அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே கதைதான். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால், நன்றாக இறங்கியிருந்த சுகர் மறுபடி ஏறிவிட்டதாம். அந்த டாக்டர் பெண் கட்டில் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். கோபம் உன்மேல், ஏறியது என் சுகர். இதென்ன நியாயம் என்று வழியெல்லாம் உன்னைக் கரித்துக்கொட்டிக்கொண்டே வந்தேன்.

நேற்று சனிக்கிழமை. யாரும் எழுப்பாமலே விழிப்பு வந்துவிட்டது. திரும்பித் திரும்பிப் படுத்தேன், கால் இரண்டும் படுக்கையில் கிடக்க மாட்டேன் என்கிறது. எரிச்சலோடுதான் எழுந்தேன், ஷூவுக்குள் பல்லி முட்டை இட்டிருந்தது, தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டேன். முதல் கொஞ்ச தூரம் உன்னைத் திட்டிக்கொண்டே ஓடினேன். பிறகு மூச்சு வாங்கியதில் திட்ட முடியவில்லை. பிறகு நாயைப் பார்த்துக்கொண்டேன், மழை வருமா என்று பார்த்துக்கொண்டேன். மாமா வீட்டைத் தொட்டுத் திரும்பும்போதுதான் உறைத்தது, வெகுநேரமாக உன் நினைப்பே எனக்கு வரவில்லை. எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் போதகர் வண்டி பின்னால் வந்தது. இந்த முறை ஏறச் சொல்லவில்லை, பக்கத்திலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு, சந்தோஷமாகத் தலையை வெளியே நீட்டி, "எசெட்டாவும் இப்ப ஓடிக்கிட்டிருப்பா, இல்லம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தேன். "இல்ல போதகரே, அவ தூங்கறா. நான்தான் ஓடறேன்" என்றேன். சொல்லும்போதும் நான் நிற்கவில்லை எசெட்டா.

அவருக்கு முகம் எப்படிப் போயிற்று என்று நான் பார்க்கவில்லை. ஊருக்குள் இந்நேரம் தெரிந்திருக்கும், உன் அப்பா இன்று ஆராதனையில் என் பக்கத்தில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்தார், பரவாயில்லை, பசித்தால் வருவார். நீ ஓடு, ஓடாமல் போ, அது உன் கால். குளிராக இருந்தால் குளிராக இருக்கிறது என்று சொல், முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல், நான் உன்னைப் பெற்றவள், என்னிடம் ஓடினேன் என்று பொய் சொல்லி என்ன பரிசு வாங்கப் போகிறாய்? ருட்டாவிடம் கோகோ கொடுத்தனுப்பியிருக்கிறேன், சர்க்கரை கம்மியாகப் போட்டுக் குடி, உனக்கும் நம் குடும்ப ரத்தம்தான் ஓடுகிறது. ஆறு மாசத்துக்கு ஒருமுறையாவது விரலைக் குத்திப் பார்த்துக்கொள், மறக்காதே, உன் மாமாவை நினைத்துக்கொள். தலையை ஈரத்தோடு கட்டாதே. கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காத்து, உன் இரண்டு காலுக்கும் பலம் கொடுக்கட்டும். சனிக்கிழமை ஆறு மணிக்கு போன் செய்யாதே, நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

இன்னும் கோபம் தீராத உன் அம்மா,
மாலியா