ரிஜெக்ட் என்றால் திரும்பி வரும்

மே 5, திங்கள்

கத்திரி வெயில். மாதனூரில் கம்பெனி பஸ் ஏறும்போதே முதுகு நனைந்துவிட்டது. ஆபீஸ் ஏசி ரிப்பேர், வழக்கம்போல.

புது வேலை. எங்கள் ஷூ கம்பெனியின் ஸ்டாக் சாஃப்ட்வேரை இனிமேல் ஏ.ஐ. ஏஜென்ட் ஒன்று பார்த்துக்கொள்ளப் போகிறதாம். எந்த பட்டன் என்ன செய்யும் என்று அதற்குப் புரிகிற மாதிரி நான் எழுதித் தர வேண்டும். எழுதியதை அப்படியே நம்புமாம். நம் ஊரில் அப்படி ஒரு ஆளா!

தோல் செக்கிங்கில் இருக்கும் ஷபானாவிடம் சொன்னேன். "ஏஜென்டா? கமிஷன் எவ்ளோ கேக்குறான்?" என்றாள். ஆம்பூரில் ஏஜென்ட் என்றால் தோல் வாங்கித் தரும் தரகர்தானே. சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

வாங்க: கறிவேப்பிலை, சார்ஜர் ஒயர், அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

மே 6, செவ்வாய்

மேனேஜர் பாஸ்கர் சார் பழைய கையேட்டை நீட்டினார். "இத அப்டியே போட்டுடும்மா." தோல் கட்டு, அதாவது லாட் பற்றி அதில் இருப்பது: 'ரிஜெக்ட் – லாட்டை நிராகரிக்கும். க்ளோஸ் – லாட்டை முடிக்கும்.' அவ்வளவுதான்.

"இத வெச்சு ஒண்ணும் புரியாது சார், டைம் குடுங்க" என்றேன். கேட்கவில்லை. அதை அவரே ஏற்றி, ட்ரையலும் ஓட்டிவிட்டார். என்ன அவசரமோ.

மே 7, புதன்

ட்ரையல் ரிப்போர்ட். முதல் வரியே: 'அதிகம் ரிஜெக்ட் செய்பவர் ஷபானா. தோல் வீணாகிறது. பரிசீலிக்கவும்.'

பா. சார் அவளைக் கூப்பிட்டு, எம்.டி. முடிவு சொல்லும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்.

உடம்பெல்லாம் எரிகிறது. இங்கே யாருக்குத் தெரியாது? தோல் பதனிட்டுச் சாயம் போடும் டேனரிக்குத் 'திருப்பி அனுப்பு' என்று அந்த சாஃப்ட்வேரில் பட்டனே கிடையாது. அதனால் சாயம் திட்டுத்திட்டாக இருக்கிற தோலை மறுசாயத்துக்கு அனுப்ப எல்லோரும் ரிஜெக்ட் அழுத்துவோம். சில நாளில் நல்லபடியாகத் திரும்பி வரும். கிழிசல், ஓட்டை என்று குப்பைக்கே போவதற்குத்தான் க்ளோஸ். ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். ரிஜெக்ட் என்றால் வரும், க்ளோஸ் என்றால் போச்சு.

ஏஜென்ட் மேல் கோபமில்லை. கொடுத்ததைப் படித்தது.

பஸ்ஸில் ஷ. அழவில்லை. "வேலை போனா போவுது. எம் பேருக்கு நேரா வீணாக்குறவன்னு இருக்கு பாரு, அதாண்டி பேஜார்."

மே 8, வியாழன்

எழுதி ஏற்றினேன். டீக்குக்கூட எழவில்லை.

'ரிஜெக்ட்: பெயரைப் பார்த்து ஏமாறாதே. இங்கே இது மறுசாயத்துக்கு அனுப்புவது. தோல் திரும்பி வரும். நஷ்டத்தில் சேர்க்காதே, அழுத்தியவரைக் குறை சொல்லாதே. க்ளோஸ்: தோல் குப்பைக்குப் போனது. இதுதான் நஷ்டம். சந்தேகம் வந்தால் நீயாக முடிவு செய்யாதே. செக்கிங்கில் கேள்.'

பா. சார் படித்தார். முகம் மாறியது.

"இன்னா இது, கதையா எழுதிருக்க? தப்பா யூஸ் பண்றோம்னு நாமளே சொல்லிக்கணுமா? க்ளோஸ் லைன எடு."

"எடுக்க மாட்டேன் சார்."

"உனக்கும் சேத்து லீவு வேணுமா?"

"குடுங்க சார். எழுதுனது இருக்கும்."

பயம் இருக்கிறது, கோபம் அதைவிட ஜாஸ்தி. ரிஜெக்ட் வரியை விட்டுவிட்டு க்ளோஸ் வரிக்கு மட்டும் ஏன் இவ்வளவு பதறுகிறார்?

மே 9, வெள்ளி

காலையில் பார்த்தால் என் வரிகள் மொத்தமும் காணோம். திரும்பப் போட்டேன். மதியம் பாதிப் பேர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் மறுபடி அழித்திருக்கிறார். மறுபடி போட்டேன். இந்தத் தடவை கீழே என் பெயரும்.

புளிசாதம், உருளைக்கிழங்கு. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

பஸ் ஹாரன் அடித்தது. போகிற போக்கில் பார்த்தேன். காணோம். பையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி போட்டேன். டிரைவர் திட்டினார்.

மே 10, சனி

வந்ததும் முதல் வேலை, வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்தது. இருந்தன.

எம்.டி. ரூம். ஷ.வையும் வரச் சொல்லியிருந்தார்கள். கதவோரம் நின்றாள். பா. சார் புதன்கிழமை ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார்.

"சார், அது பழசு. இப்ப நீங்களே அதக் கேளுங்க." என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

எம்.டி. டைப் செய்தார்: தோலை வீணாக்குவது யார்?

திரையில்: 'ரிஜெக்ட் ஆனவை மறுசாயம் முடிந்து திரும்பிவிட்டன. அதில் நஷ்டமில்லை. ஷபானா குறித்த முந்தைய வரி தவறு. நஷ்டம் க்ளோஸ் ஆனவற்றில். அவை எல்லாம் ஒரே ஏஜென்ட் மூலம் வந்த தோல். வாங்க ஒப்புதல் தந்தவர் பாஸ்கர்.'

ஷ. என் கையைக் கிள்ளினாள். வலித்தது.

எம்.டி. கண்ணாடியைக் கழற்றினார். "பாஸ்கர், இந்த ஏஜென்ட் கமிஷன் எவ்ளோ குடுக்குறான்?"