வேனில் பதின்மூன்று இடம்

ஜுபைல்
சனிக்கிழமை காலை

அன்புள்ள ரோஹித்துக்கு,

அப்பா சொல்ல, தன்யா எழுதுவது. இங்கே நான், அம்மா, தன்யா மூன்று பேரும் சௌக்கியம், ஹாலில் இருக்கும் ஏசிக்கு மட்டும்தான் சரியில்லை, இரண்டு நாளாக இருமுகிறது. உன் உடம்பு எப்படி, மனசு எப்படி என்று தனித்தனியாக எழுது, போனில் கேட்டால் இரண்டுக்கும் சேர்த்து ஃபைன் என்று சொல்லிவிடுகிறாய். வாட்ஸாப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். சேதுமாதவன் சார் வியாழக்கிழமை ஹூஸ்டன் போகிறார், அவரிடம் அம்மா மாவடு ஜாடியும் பருப்புப்பொடியும் கொடுத்தனுப்புகிறாள், அதோடு இதுவும் வரட்டும் என்று நினைத்தேன். ஜாடியைச் சுற்றக் காகிதம் போதவில்லை, ரெண்டு பக்கம் கூடவே எழுதுங்க என்று அம்மா சொல்லியிருக்கிறாள். (அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் தன்யா. அப்பா தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டே சொல்லிக்கொண்டிருக்கிறார், அதனால் நான் எழுதுவதை அவரால் படிக்க முடியாது. கண்ணாடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.)

போன வாரம் நீ போனில் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நீ கணக்குப் பார்க்கும் பேஸ்பால் கிளப்பில் மேலே ஆடுகிறவர்கள் இருபத்தாறு பேர், அவர்களுக்குக் கீழே சின்ன லீக்குகளில் நூற்றெண்பது பேர் வரை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது, இப்போது நூற்றி அறுபத்தைந்துக்கு மேல் கூடாது என்று ஆகிவிட்டது, அதனால் வீட்டுக்கு அனுப்ப எட்டுப் பேரைக் குறித்துக்கொடு என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள், குறித்துவிட்டு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்றாய். அங்கே கிடைக்கும் அரிசி சரியில்லை என்று அம்மா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் இந்த மாதம் நானும் ஒரு பட்டியல் போட்டேன். எட்டுப் பேர் இல்லை, ஒரே ஒருவர். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன், நடுவில் சிரிக்காதே, கடைசியில் மொத்தமாகச் சிரித்துக்கொள்.

நீ இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது கம்பெனித் தொழிலாளர் காம்பு ஆட்களுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுத்து, உன் கிளவுஸ்களையும் விட்டுவிட்டுப் போனாய் அல்லவா, அது இப்போது பெரிய விவகாரமாகிவிட்டது. பிளான்ட் காம்பவுண்டுக்குள் கொரியாக்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் நடத்தும் வெள்ளிக்கிழமை லீக்கில் நம் கம்பெனிக்கும் ஒரு டீம், நான்தான் மேனேஜர். அதற்குக் கம்பெனி இருபத்தாறு சீட் பஸ் கொடுத்தது. உங்கள் ஊர்ப் பெரிய லீக்கிலும் அதே இருபத்தாறு என்று நீ சொன்னபோது நான் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஆனால் டீமில் சேரப் பெயர் கொடுத்தவர்கள் அறுபத்தோரு பேர். விளையாட்டின் மேல் இவ்வளவு ஆசையா என்று பூரித்துப்போனேன், அப்புறம்தான் தெரிந்தது, பஸ் திரும்பி வரும் வழியில் ஜுபைல் டவுன் மார்க்கெட்டில் ஒன்றரை மணி நேரம் நிற்கிறது, ஆசை அதன் மேல்தான். முப்பத்தைந்து பேரை ரிசர்வ் என்று எழுதி வைத்தேன். உங்கள் கீழ் லீக்கில் இருப்பவர்கள் மேலே வருவதற்காக வருஷக்கணக்கில் பந்தடிக்கிறார்கள், நம் ரிசர்வில் இருப்பவர்கள் கிளவுஸைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, பஸ்ஸில் யாருக்குக் காய்ச்சல் என்று மட்டும் தினமும் விசாரிப்பார்கள்.

எப்படி ஆடினோம் என்று கேட்காதே. எட்டு மேட்ச், எட்டும் தோல்வி. நம் ஆட்கள் எல்லோரும் சின்ன வயதிலிருந்து கிரிக்கெட் ஆடியவர்கள், பந்தை அடித்ததும் பேட்டைக் கீழே போடாமல் கையில் பிடித்துக்கொண்டே ஓடுகிறார்கள், காலால் மிதிக்க வேண்டிய முதல் பேஸில் குனிந்து பேட்டால் தரையைத் தொடுகிறார்கள். இரண்டாவது மேட்சில் அங்கே நின்ற கொரியாக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு போடு விழுந்தது. அதிலிருந்து பேட்டோடு ஓடினால் அவுட் என்று லீக்கில் தனி விதி போட்டுவிட்டார்கள், மற்ற ஐந்து டீமுக்கும் அந்த விதி இருப்பதே மறந்துபோயிருக்கும், அது நமக்காகவே போட்டது. அப்படி மட்டும் இதுவரை முப்பத்தொரு அவுட். (முப்பத்து மூன்று. ஸ்கோர் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.)

போன மாதம் கம்பெனி பஸ்ஸை வேறு சைட்டுக்கு எடுத்துக்கொண்டு ஒரு வேனைக் கொடுத்தது. டிரைவர் ஷம்சாத் பாயை விட்டால் பதின்மூன்று இடம். சும்மா வந்துகொண்டிருந்தவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார்கள், ரிசர்வையும் கலைத்தாயிற்று. நிஜமாக ஆடுகிறவர்கள் பதின்மூன்று பேர், என்னோடு சேர்த்துப் பதினான்கு. ஒருவர் இறங்க வேண்டும். மனிதனைப் பார்த்து முடிவு செய்தால் ஊர், ஜாதி, ரூம் என்று பேச்சு வரும், கணக்கைப் பார்த்துச் செய்தால் ஒருவரும் பேச முடியாது என்றுதான் உன்னிடம் கேட்டேன், நீயும் ஒரு எக்ஸலை அனுப்பினாய். சும்மா கிடைக்கிற ஓர் ஆளை அந்த இடத்தில் நிறுத்தினால் என்ன ஆகுமோ அதைவிட இவர் எவ்வளவு மேல் என்று பார்க்கும் கணக்கு. சும்மா கிடைக்கிற ஆள் என்றால் நம் காம்பில் எந்த ரூம் கதவைத் தட்டினாலும் வருவார். தன்யா நோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் ஏற்றினாள். கடைசியில் நின்றவர் சோலைமுத்து, சாரம் கட்டும் வேலை, நாற்பத்தோரு வயது, மைனஸ் நான்கு. அதாவது அவரைவிடக் கதவைத் தட்டிக் கூப்பிட்ட ஆள் தேவலை. பேட்டோடு ஓடிய அவுட்டில் அவர் பங்கு மட்டும் ஒன்பது. நான் பட்டியலை அச்செடுத்து மெஸ் ஹால் போர்டில் ஒட்டிவிட்டேன். கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்று அவர் அதைப் படித்தாராம்.

புதன்கிழமை டூட்டி முடிந்து அவர் நம் வீட்டுக்கு வந்தார். பக்காலா மளிகைக்கடைப் பையில் உன் கிளவுஸ், எண்ணெய் தடவித் துணியில் சுற்றியிருந்தார். இந்தா சார், தம்பியோடது, பத்திரமா வச்சிருக்கேன் என்று மேசையில் வைத்தார். டீம் சட்டையைக் கொண்டுவரவில்லை. கேட்டதற்குத் தலையைச் சொறிந்துகொண்டு, சட்டைய மட்டும் வர்ற வெள்ளிக்கெழமை வரைக்கும் வச்சுக்கறேன் சார் என்றார். அம்மா காபி கொடுத்து ஏன் என்று துருவியதில் விஷயம் வந்தது. அவருடைய தம்பி டவுனுக்கு அந்தப் பக்கம் வேறு கம்பெனி காம்பில் இருக்கிறார், அண்ணன் தம்பி பார்த்துக்கொள்வதே வெள்ளிக்கிழமை நம் வண்டி மார்க்கெட்டில் நிற்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான். தம்பி வருகிற புதன்கிழமை ஃபைனல் எக்ஸிட்டில் ஊருக்குப் போகிறார், இனி திரும்ப மாட்டார். சரி, அதற்கென்ன, நானே உங்களை என் காரில் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். சோலைமுத்து அசையவில்லை. அதில்ல சார், நான்தான் கேப்டன்னு அவன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், அவன் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டான், கார்ல போயி எறங்குனா எங்கண்ணே டீமுன்னு கேப்பான்ல என்றார். எப்போதிலிருந்து கேப்டன் என்று கேட்டேன். மொத மேட்ச்லருந்தே சார் என்றார். (நான் சிரிக்கவில்லை. அம்மாதான் சிரித்தாள், சமையலறைக்குப் போய்.)

பாவமாக இருந்தது, ஆனாலும் கணக்கு கணக்குதான் என்று நினைத்தேன். ஓரவஞ்சனை இல்லை என்று அவருக்குக் காட்டுவதற்காகத் தன்யாவை லேப்டாப்பை எடுத்து வரச் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு. அவர் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு கீழே போனார், தன் பெயரில் கொஞ்சம் நின்றார், அதற்கும் கீழே தேடினார். பிறகு ரொம்பப் பணிவாக, பாப்பா, வேன்ல போறவங்க கணக்குதான இது, சார் பேரு எங்க காணோம் என்று கேட்டார். மேனேஜர் ஆடுவதில்லை, அவருக்குக் கணக்குக் கிடையாது என்றேன். உன் தங்கை சும்மா இருக்கலாம் அல்லவா, அப்பா சீட்டில்தானே உட்காருகிறார் என்று கேட்டுவிட்டு ஒரு வரிசையைச் சேர்த்துவிட்டாள். முதல் பேஸ் பக்கம் நின்று ஓடு, நில் என்று சத்தம் கொடுப்பது என் வேலை. ஸ்கோர் நோட்டில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு, அதில் நான் ஒரு பெருமைக்காக அங்கங்கே என் சொல்லில் ஓடியது என்று எழுதி வைத்திருந்தேன். அதையெல்லாம் எண்ணினாள். என் சொல்லில் ஓடியது இருபத்திரண்டு தடவை, அவுட் பதினேழு. யெல்லா யெல்லா என்று நான் அவசரப்படுத்துவதில்தான் பாதிப் பேர் பேட்டைப் போட மறந்து ஓடியிருக்கிறார்கள். கணக்கு மைனஸ் ஒன்பது என்று வந்தது. (மைனஸ் ஒன்பது புள்ளி நான்கு. புள்ளி நான்கை அப்பா விட்டுவிட்டார்.) சாரைவிட நான் தேவலை போலருக்கே என்று சோலைமுத்து சொல்லவில்லை, காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் மீசை ஆடியது. அம்மாதான் கதவில் சாய்ந்துகொண்டு, அப்ப அந்தப் போர்டுல இன்னொரு பேப்பர் ஒட்டணும்ல, நாலு ஆணி எடுத்துக் குடுக்கட்டா என்றாள்.

மேனேஜரும் ஆட்டக்காரரும் ஒன்றா என்று இரவு முழுக்க மனதுக்குள் வாதாடினேன். விடிந்தபோது என் பக்கம் ஒரு சாட்சியும் மிஞ்சவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் காம்புக்குப் போனேன், போர்டு பக்கம் போகவில்லை, நேராகப் பதினாலாம் ரூமுக்குப் போய்ச் சோலைமுத்துவிடம், நான் இறங்கிக்கொள்கிறேன், நீங்கள் என் இடத்தில் போய் முதல் பேஸ் பக்கம் நின்று சத்தம் கொடுங்கள் என்று சொல்லி என் தொப்பியையும் கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். அப்ப டீம யாரு பாப்பா சார் என்றார். கேப்டன் பார்ப்பார் என்றேன்.

நேற்று லீக் தொடங்கியதிலிருந்து முதல் முறையாக வெள்ளிக்கிழமை வீட்டில் இருந்தேன். காம்பவுண்டுக்குள் போகப் பாஸ் அந்த வேனுக்கு மட்டும்தான், காரில் பின்னாலேயே போகவும் வழியில்லை. ஷம்சாத் பாய்க்கு இரண்டு தடவை போன் செய்தேன். (பதினொரு தடவை.) ரகு பாய், மாஃபி டென்ஷன், யஹாங் சப் அச்சா ஹை, அதாவது கவலை வேண்டாம், இங்கே எல்லாம் நல்லபடி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் பிறகு சொன்னதுதான் இது. சோலைமுத்து முதல் பேஸ் பக்கத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று, ஒருவர் அடித்துவிட்டுக் கிளம்பும்போதெல்லாம், அடேய் கட்டையக் கீழ போடுடா, நான் செஞ்சத நீயும் செய்யாத என்று கத்தியிருக்கிறார். ஓடு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லையாம், அது அவனுக்கே தெரியும் என்றாராம். பேட்டோடு ஓடிய அவுட் நேற்று ஒன்றுகூட இல்லை. ஏழுக்கு ஆறு என்று தோற்றோம். முந்தின தடவை இதே கொரியாக்காரர்களிடம் பதினேழுக்கு இரண்டு. உன் எக்ஸலில் கத்துகிறவருக்கு ஒரு கட்டம் போடு, அது இல்லை.

ஆட்டம் முடிகிற நேரம் பார்த்து நான் காரை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன், மல்லித்தழை வாங்க. (ஃப்ரிட்ஜில் இரண்டு கட்டு இருந்தது.) வேன் வந்து நின்றது, சோலைமுத்து என் தொப்பியோடு எல்லோருக்கும் முன்னால் இறங்கினார், தம்பி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார், டீம் ஆட்கள் பன்னிரண்டு பேரும் கேப்டன் கேப்டன் என்று கூப்பிட்டபடி பின்னாலேயே இறங்கினார்கள். இதை நான் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள், நான்தான் எடுத்துக்கொடுத்தேன். சோலைமுத்து என்னைத் தம்பிக்கு அறிமுகமும் செய்துவைத்தார். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது உன் விஷயம். உன் கணக்குத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன், எட்டுப் பேர் போகத்தான் வேண்டும் என்றால் போகத்தான் வேண்டும். போர்டில் ஒட்டாதே, மெயிலில் அனுப்பாதே. எட்டுப் பேரையும் நீயே உட்கார வைத்து நீயே சொல், அவர்கள் திட்டினால் கேட்டுக்கொள், வீட்டில் என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேள். நான் அதைத்தான் கேட்காமல் விட்டேன். பட்டியலை அனுப்புவதற்கு முன் உன் பெயருக்கும் உன் பெரிய ஆபீசர் பெயருக்கும் ஒரு வரிசை போட்டுப் பார், அதை யாருக்கும் காட்டவேண்டாம், நீ பார்த்தால் போதும். பிறகு வயிறு நிறையச் சாப்பிடு. மாவடுவில் ஈரக் கரண்டி போடாதே என்று அம்மா மூன்று தடவை சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. நீ எந்த லீக்கில் இருந்தாலும் நல்லபடியாக, நாலு பேர் உன்னை நம்பும்படியாக இருக்கவேண்டும் என்று நானும் அம்மாவும் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் சொல்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ரகுநாதன்

(அறிமுகம் எப்படி என்று அப்பா சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற ஷம்சாத் பாய் அம்மாவிடம் சொன்னதை எழுதுகிறேன். இவரு யாருண்ணே, போட்டோல்லாம் எடுக்குறாரு என்று தம்பி கேட்டாராம். சோலைமுத்து மாமா அப்பாவின் தோளில் கை போட்டு, நம்ம ரிசர்வுல இருக்காருடா, நல்ல மனுசன், அடுத்த வருசம் டீம்ல எடுக்கலாம்னு இருக்கோம் என்றாராம். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆமா தம்பி, பிராக்டீஸ் பண்ணிக்கிட்டு இருக்கேன் என்று சொன்னாராம். இன்று காலை ஆறு மணிக்கு உன் கிளவுஸை மாட்டிக்கொண்டு கார் ஷெட் சுவரில் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார். நாலில் ஒன்று பிடித்தார். நோட்டில் ஏற்றிவிட்டேன். கண்ணாடி அந்தக் கிளவுஸுக்குள்தான் இருக்கிறது, கடிதத்தை ஒட்டிவிட்டுச் சொல்வேன்.)